கம்பி செத்துவிட்டது என்று நம்பாதீர்கள்!

“அண்ணே, மேலே பெரிய கம்பியை மாத்துறாங்களாம். கரண்ட்டை நிறுத்திட்டாங்களாம். இன்னும் ஒரு வாரத்துக்குப் பயமில்லை, கம்பி செத்துப் போச்சு!”

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் இப்படியொரு பேச்சு கிளம்பினால், தொழிலாளத் தோழர்களே, அந்தப் பேச்சை அங்கேயே மடக்கி நிறுத்துங்கள். கம்பி செத்துவிட்டது என்று சொல்ல உங்களுக்கும் உரிமையில்லை, நமக்கும் உரிமையில்லை. மண்டோருக்கும் இல்லை, மானேஜருக்கும் இல்லை. அதைச் சொல்லக் கூடியவர் ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

ஜொகூர் மாநிலத்தில் பிறந்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரும்புக் கோபுரம் புதிதல்ல. நாம் பால்ய வயதைக் கழித்த தோட்டம் குளுவாங் பக்கம். மரக்காட்டின் நடுவே நெடுக ஒரு பாதையை வெட்டி, இராட்சதர்கள் வரிசையில் நிற்பதுபோல் கோபுரங்களை நிறுத்தியிருந்தார்கள். மழை தூறும் நாளில் கம்பியிலிருந்து ‘இஸ்ஸ்’ என்று ஓர் ஓசை வரும். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும் நம் தாயார், “ஓடி வா, அங்க நிக்காத” என்று அதட்டுவார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பியில் ஓடிய மின்சாரம் நம் லயத்து வீட்டுக்கு வரவில்லை! சாயங்காலம் ஆறு மணிக்குத் தோட்டத்து இஞ்சினை ஓட்டுவார்கள். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்குத்தான். தலைக்கு மேலே ஊருக்கெல்லாம் வெளிச்சம் போகிறது. கீழே நாம் இருட்டில் படிக்கிறோம். பெரிய கம்பியிலிருந்து நேராக வீட்டுக்கு இணைப்புத் தர முடியாது, இடையில் துணை நிலையம் வேண்டும், அங்கிருந்து சிறிய கம்பிகள் வர வேண்டும் என்பதெல்லாம் அன்று நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மனம் ஆறியிருக்காது.

கோபுரம் வந்த கதை

1949 செப்டம்பர் முதல் தேதி மத்திய மின்சார வாரியம் நம் நாட்டில் வேலையைத் தொடங்கியது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. நம் மூத்தவர்கள் இன்றும் ‘எல்.எல்.என்.’ என்று சொல்வது அதைத்தான். 1990 செப்டம்பர் முதல் தேதி அதன் இடத்துக்குத் தெனாகா நேஷனல் வந்தது. இடையில் பட்டணத்துக்குப் பட்டணம் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த மின் நிலையங்களைக் கம்பியால் கோத்து ஒரே வலையாக்கினார்கள். 1994-இல் தொடங்கிய ஐந்து லட்சம் வோல்ட் கம்பித் திட்டத்தின் தென்பகுதி பாசிர் கூடாங்கிலிருந்து யோங் பெங் வரை வந்தது. இப்படி 132,000 வோல்ட், 275,000 வோல்ட், 500,000 வோல்ட் என்று மூன்று வகைப் பெரிய கம்பிகள் இன்று நம் மாநிலத்துச் செம்பனைக் காடுகளையும் கித்தாக் காடுகளையும் தாண்டிப் போகின்றன.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதுவே ஆளைக் கொல்லும். இந்த மூன்றில் சிறியதான 132,000 என்பது அதைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் மேல். கணக்கைப் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டுங்கள்.

இரும்புக்கும் வயசாகும்

பால் மரத்துக்கு வயசானால் பட்டை தீர்ந்துவிடும். செம்பனைக்கு வயசானால் கழி எட்டாது. இரும்புக் கோபுரத்துக்கும் அப்படி ஒரு முதுமை உண்டு. துத்தநாகப் பூச்சுத்தான் அதன் தோல். நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் பல பத்தாண்டு நின்றால் தோல் தேய்ந்து துரு ஏறும். பொந்தியான், பத்து பகாட் பக்கத்துச் சதுப்பு மண் புளிப்பு மண். அங்கே கோபுரத்தின் காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேலே பளபளவென்று இருக்கும், மண்ணுக்குள் கால் அரித்துப் போயிருக்கும்.

கம்பியும் வெறும் கம்பியல்ல. நடுவில் எஃகு இழைகள், சுற்றிலும் அலுமினிய இழைகள். எஃகு பாரத்தைத் தாங்குகிறது, அலுமினியம் மின்சாரத்தைக் கொண்டு போகிறது. காற்றில் ஆடி ஆடி, வெயிலில் நீண்டு, இரவில் சுருங்கி, பிடிமானம் உள்ள இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். கம்பியைக் கோபுரத்திலிருந்து தொங்கவிடும் தட்டு மாலையைப் பார்த்திருப்பீர்கள். பீங்கானாலோ கண்ணாடியாலோ ஆன தட்டுகள். கோபுரத்துக்குள் மின்சாரம் பாயாமல் தடுப்பவை அவைதாம். அவற்றைத் தாக்குவது இடி. ஆண்டில் ஏறக்குறைய இருநூறு நாள் இடி இடிக்கும் இடங்கள் உள்ள நாடு இது. கண்ணாடித் தட்டு கெட்டால் உடைந்து கொட்டிவிடும், தரையிலிருந்தே தெரியும். பீங்கான் அப்படியல்ல, வெளியே நன்றாக இருந்து உள்ளே விரிசல் விட்டிருக்கும்.

இதையெல்லாம் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது உலகுக்கே பாடம். ஏறக்குறைய நூறு ஆண்டு வயதான ஒரு மின் கம்பித் தொடரில், தட்டு மாலையைத் தாங்கிய ஒரு சிறு இரும்புக் கொக்கி தேய்ந்து தேய்ந்து, 2018 நவம்பர் 8 காலையில் முறிந்தது. கம்பி விலகியது, பொறி பறந்தது, காய்ந்த புல் பற்றிக்கொண்டது. பாரடைஸ் என்ற ஊர் சாம்பலாயிற்று. 85 உயிர்கள் போயின. அந்த மின் நிறுவனம் 2020-இல் நீதிமன்றத்தில் 84 பேரின் சாவுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கைக்குள் அடங்கும் ஒரு கொக்கி ஓர் ஊரையே விழுங்கிவிட்டது!

நம் ஜொகூர் ஈர பூமி. காடு அப்படிப் பற்றாது. ஆனால் கம்பி அறுந்து விழுந்தால் விழும் இடம் நம் வேலைக்காடு. மேலும், மின் வலையில் ஓரிடத்துக் கோளாறு ஊர் ஊராகப் பரவும். 2022 ஜூலை 27 நண்பகலில் யோங் பெங் துணை நிலையத்தில் ஒரு சாதனம் பழுதானபோது, ஜொகூரில் மட்டுமா, கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் பல இடங்களில் மின்சாரம் போயிற்று. ஆகவே பழைய கம்பியைப் புதுப்பிக்கும் வேலை தேவையான வேலை. அதை நாம் குறை சொல்ல மாட்டோம். பழைய கோபுரத்திலேயே புதுக் கம்பி ஏற்றினால் இன்னொரு காட்டை வெட்டிப் புதுப் பாதை போட வேண்டியதில்லை என்ற நன்மையும் உண்டு. சூட்டில் அதிகம் தொங்காத புது வகைக் கம்பிகள் இப்போது வந்துள்ளன; அதே கோபுரத்தில் கூடுதல் மின்சாரம் கொண்டு போகும்.

வேலை எப்படி நடக்கிறது?

கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். உச்சியில் மெல்லிய கம்பி, அது இடிதாங்கி. அதற்குக் கீழே பெரும்பாலும் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. இடப்பக்கம் ஒரு வழி, வலப்பக்கம் வேறொரு வழி. இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் ஊர் இருண்டுவிடும் அல்லவா? அதனால் ஒரு பக்கத்தை நிறுத்திவிட்டு, மறுபக்கத்தில் மின்சாரத்தை ஓடவிட்டே பல நேரங்களில் வேலை செய்வார்கள். இதை மனத்தில் நன்றாகப் பதிய வையுங்கள். ஆபத்தின் வேர் இதில்தான் இருக்கிறது.

முதலில் ரெந்திஸை, அதாவது கம்பிப் பாதையை, வெட்டித் துப்புரவாக்குவார்கள். துருப்பிடித்த சட்டங்களைக் கழற்றிப் புதியவை மாட்டுவார்கள். தட்டு மாலைகளை மாற்றுவார்கள். ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் மேலே கம்பி விழாமலிருக்கச் சாரம் கட்டுவார்கள். பிறகு பழைய கம்பியைப் பிடிமானத்திலிருந்து அவிழ்த்து உருளைகளில் ஏற்றுவார்கள். ஒரு கோடியில் இழுக்கும் இயந்திரம், மறுகோடியில் பிடித்துப் பிடித்து விடும் இயந்திரம். பழைய கம்பியின் வாலில் அடுத்ததைக் கட்டி இழுத்தால், பழையது போகப் போகப் புதியது வந்து சேரும். இத்தனையும் தரையில் படாமல் நடக்கும். உயரத்தில் நிற்பவர் நம்மைப்போல் கூலிக்கு வந்த தொழிலாளிதான். அவருக்கும் வீட்டில் பெண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

செத்த கம்பி ஏன் கொல்லும்?

மின்சாரத்தை நிறுத்திய கம்பியும் ஆளை அடிக்கும். பக்கத்துக் கம்பியில் ஓடும் மின்சாரம் தொடாமலேயே இந்தக் கம்பியில் ஒரு வேகத்தை உண்டாக்கிவிடுகிறது. அதனால்தான் கம்பி வேலைக்காரர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சோதித்துப் பார்த்து, வேலை செய்யும் இடத்தில் கம்பியை மண்ணோடு இணைத்துக் கட்டிய பின்பே கை வைக்கிறார்கள். அந்தக் கட்டு இருக்கும் இடத்துக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. அரை மைல் தள்ளி நிற்கும் நமக்கு அது கணக்கில்லை. வேலை முடிந்து எத்தனை மணிக்குக் கம்பிக்கு உயிர் கொடுப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

ஆக, கம்பி செத்ததா இல்லையா என்று சொல்லக் கூடிய அந்த ஒருவர் யார்? மின் நிறுவனத்தில் அதற்கென்று அதிகாரம் பெற்று, எழுத்து மூலம் அனுமதிச் சீட்டுக் கொடுக்கும் அதிகாரிதான். அவர் சீட்டும் அந்த வேலைக் குழுவுக்கே எழுதப்பட்டது, குலை வெட்டும் நமக்கு அல்ல.

கழியைத் தூக்கும் முன்

செம்பனை ஓர் ஆள் உயரத்தில் இருக்கும்போது உளியால் குத்தி எடுக்கிறோம். உயர்ந்த பிறகு நீளக் கழியில் அரிவாளைக் கட்டி அறுக்கிறோம். முன்பு மூங்கில் கழி. இன்று அலுமினியக் குழாய். இலேசானது, உறுதியானது, ஆனால் மின்சாரத்தை அப்படியே கைக்குக் கொண்டுவரும் பொருளும் அதுதான். கார்பன் இழைக் கழியும் மின்சாரத்தைக் கடத்தும். நனைந்த மூங்கிலையும் நம்பக் கூடாது. பெரிய கம்பி என்றில்லை, தோட்டத்து ரோட்டோரம் போகும் 11,000 வோல்ட், 33,000 வோல்ட் கம்பியும் இதே வேலையைச் செய்யும். அவை தாழ்வாக இருப்பதால் ஆபத்து இன்னும் அருகில்.

நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், இருபது வருஷம் குலை வெட்டியவர், சொன்னார்:

“காலையில பார்த்தேன், கம்பிக்கும் கழிக்கும் நல்ல இடைவெளி இருந்துச்சு. மத்தியானம் அதே மரத்துகிட்ட கழியைத் தூக்குறேன், தலைக்கு மேல படபடன்னு சத்தம். கழியைப் போட்டுட்டு ஓடுனேன். கம்பி கீழ இறங்கி வந்துருச்சுய்யா!”

அவர் பொய் சொல்லவில்லை. வெயிலிலும், மின்சாரம் அதிகமாக ஓடும் நேரத்திலும் கம்பி சூடாகி நீளும், தொங்கலும் கூடும். காலையில் இருந்த இடைவெளி மத்தியானம் இருக்காது. அதோடு, பெரிய கம்பியைக் கழி தொட வேண்டும் என்பதேயில்லை. நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாயும். அந்த அன்பருக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இவைதாம்:

கம்பிப் பாதையைக் கடக்கும்போது கழியைப் படுக்க வைத்துத் தூக்கிச் செல்லுங்கள். நிமிர்த்தாதீர்கள். நீட்டியிருந்தால் சுருக்கிவிடுங்கள்.

கம்பியோரத்து மரத்தில் குலை பழுத்திருந்தால் பழுத்தே இருக்கட்டும். மண்டோரிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு குலையின் கூலிக்கு ஓர் உயிரை வைக்காதீர்கள். கம்பிப் பக்கம் சாயக் கூடிய மட்டையையும் மரத்தையும் நீங்களாக வெட்டாதீர்கள்.

குலை ஏற்றும் டிராக்டரின் இயந்திரக் கையைக் கம்பிக்குக் கீழே உயர்த்தாதீர்கள்.

கம்பி அறுந்து கிடந்தால் பத்து மீட்டருக்கு உள்ளே போகாதீர்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தால் ஓடாதீர்கள், தாண்டாதீர்கள். இரண்டு பாதங்களையும் சேர்த்து, தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள். மின்சாரம் மண்ணிலும் பரவியிருக்கும்; அகலக் கால் வைத்தால் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். அடிபட்டவரைத் தொட்டு இழுக்கவும் கூடாது. மனம் கேட்காதுதான். ஆனால் ஒரு சாவு இரண்டாகிவிடும். தெனாகாவின் 15454 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகளுக்கும் இந்த எண்ணை மனப்பாடம் செய்து வையுங்கள்.

பள்ளி விடுமுறையில் வேலை நடந்தால், தாய்மார்களே, பிள்ளைகளைப் பிடித்து வையுங்கள். கம்பி சுற்றிய பெரிய உருளைகளும் தோண்டிய குழிகளும் கயிறுகளும் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான். கம்பிப் பக்கம் காற்றாடி விடவும் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபுரத்துச் சட்டத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடும் திருட்டு அங்கங்கே நடக்கிறது. அந்தச் சட்டம் ஒன்று குறைந்தால் அடுத்த புயற்காற்றில் கோபுரம் யார் தலையில் சாயும்? கண்டால் உடனே சொல்லுங்கள்.

சட்டம் நமக்கும் உண்டு

“வேலைக்குப் போகலேன்னா கூலி இல்லை. மண்டோர் போன்னா போக வேண்டியதுதானே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தினார்கள். 2024 ஜூன் முதல் தேதி திருத்தம் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். 5 பேர் இருந்தாலே பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அவர் யார்? தெரியாவிட்டால் நாளைக்கே ஆபீசில் கேளுங்கள்.

கம்பி வேலை தொடங்கும் முன்பே, எந்தெந்த நிரையில், எந்தெந்தத் தேதியில் வேலை என்று பெரட்டில் சொல்லச் சொல்லுங்கள். அந்த நாட்களில் வேறு காட்டில் வேலை கொடுக்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் முணுமுணுப்பு. சங்கக் கிளை வழியாகக் கேட்டால் அது கோரிக்கை. விபத்து நடந்துவிட்டால் சொக்சோவுக்குத் தெரிவிக்காமல் மூடி மறைக்க விடாதீர்கள்.

நட்ட ஈட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990-ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டப்படி, கம்பி வேலைக்காக நிலத்தில் நுழைந்து மரத்தையோ பயிரையோ சேதப்படுத்தினால் ஈடு கொடுக்க வேண்டும். தோட்டத்து மரத்துக்குத் தோட்டம் வாங்கிக்கொள்ளும். ஆனால் ரெந்திஸில் நாம் போட்ட கீரைப் பாத்தியும் மரவள்ளியும் வாழையும்? பட்டா இல்லாத அந்தப் பாத்தியில் நம் பெண்களின் வியர்வை இருக்கிறது. டிராக்டர் சக்கரம் ஏறிய பிறகு அழுது பயனில்லை. அறிவிப்பு வந்தவுடனே என்ன நட்டிருக்கிறது என்று எழுதி, படம் எடுத்து, ஆபீசில் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கிறதோ இல்லையோ, கேட்காத பிள்ளைக்குப் பால் இல்லை. அறுவடை செய்ய அவகாசமாவது கிடைக்கும். மாடு வைத்திருப்பவர்கள் வேலை நாட்களில் கட்டிப் போடுங்கள்.

இன்று நம் லயத்தில் நாம் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டில் வங்காளதேசத்துத் தம்பி, எதிர் வீட்டில் இந்தோனேசியச் சகோதரர். அவர்களுக்கு யார் இதையெல்லாம் சொல்வது? மலாயில் இரண்டு வார்த்தை சொல்ல நம்மால் முடியாதா? கோபுரத்தின் ‘பஹாயா’ பலகையைக் காட்டினாலே போதும், புரிந்துகொள்வார்கள். 2019 ஜனவரியிலிருந்து அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ உண்டு என்பதையும் சொல்லுங்கள்.

நம் தாயார் “அங்க நிக்காத” என்று அதட்டியபோது அவருக்கு வோல்ட் கணக்குத் தெரியாது. சட்டப் பிரிவும் தெரியாது. கம்பி எப்போதும் உயிரோடுதான் இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தது. அத்தனை பெரிய அறிவு அது! புதுக் கம்பி ஏறட்டும், கோபுரம் உறுதியாக நிற்கட்டும், ஊருக்கெல்லாம் வெளிச்சம் போகட்டும். ஆனால் அந்த வெளிச்சத்துக்காக நம் லயத்தில் ஒரு விளக்கும் அணையக் கூடாது. நாளைக் காலை கழியைத் தோளில் வைக்கும் முன், தோழர்களே, ஒருமுறை தலையை நிமிர்த்தி மேலே பார்த்துவிட்டுப் போங்கள்.